ரிச்சி தெருவில் இரண்டு ஹார்டு டிஸ்க்

சிங்கப்பூரிலிருந்து பத்து நாள் லீவில் போயிருந்தேன். தாம்பரத்தில் தம்பி வீட்டிலேயே கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறான். அவன் கம்ப்யூட்டரில் ஒரு கிளிப்பைத் திறக்கச் சொல்லிவிட்டு, காபி போட்டுக் குடித்துவிட்டே வரலாம். புது மிஷின் வாங்கடா என்றால், தை முகூர்த்தம் முடியட்டும் என்கிறான். சரி, இரண்டு ஹார்டு டிஸ்க்கைச் சேர்த்து, ரெய்டு 0 மாதிரி (இரண்டும் ஒரே டிஸ்க்காக வேலை செய்யும்படி) போட்டுக் கொடுப்போம் என்று, சென்னையில் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குக் கிளம்பினேன்.

கிண்டி வரை மின்சார ரயில், அப்புறம் மெட்ரோவில் அரசினர் தோட்டம். முதலில் நுழைந்த கடையில் 1 டி.பி. டிஸ்க் இரண்டு கொடுத்தார்கள். கவர் புதுசு, விலையும் குறைவு. அதிலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பக்கத்துச் சந்தில், மாடியில் சர்வீஸ் செய்யும் பையனிடம் போனேன். டிஸ்க்கை மாட்டி, டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்தான். ஓடிய நேரம் 19,200 மணி. "அண்ணே, இது சிசிடிவி பெட்டியிலிருந்து கழட்டினது." இரண்டு வருஷத்துக்கு மேல் இரவு பகலாக ஓடிய கணக்கு! திரையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டியதும், கடையில் பேச்சில்லாமல் பணத்தைத் திருப்பினார்கள். வேறு இடத்தில் பில்லோடு வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த சர்வீஸ் பையனே வீட்டுக்கு வந்தான். வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "பேக்கப் எங்க இருக்கு?" தம்பி விழித்தான். பல டிஸ்க்கைச் சேர்த்து ஒன்றாக்க விண்டோஸிலேயே இருக்கும் வசதி ஸ்டோரேஜ் ஸ்பேசஸ். அதில் 'சிம்பிள்' வகை போட்டால், ஒவ்வொரு ஃபைலும் 256 கே.பி. துண்டுகளாக மாறி மாறி இரண்டு டிஸ்க்கிலும் எழுதப்படும். இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்வதால்தான் வேகம். ஒன்று போனால் மற்றதில் இருப்பது பாதிப் பாதித் துண்டு, எதற்கும் உதவாது. "மாப்பிள்ளை வீட்டுல மறுபடி தாலி கட்டச் சொல்ல முடியுமா?" என்றான் பையன். பழைய வீடியோவெல்லாம் வெளி டிஸ்க்குக்கு ஏறும்வரை அவன் எதையும் தொடவில்லை. மதியச் சாப்பாடே முடிந்துவிட்டது.

படிக்கும் வேகம் முன்பு நொடிக்கு 160 எம்.பி. அளவில் இருந்தது, இப்போது 310. பெரிய கிளிப்பை இழுத்தால் திக்காமல் ஓடுகிறது. ஆனால் ஆன் ஆவதற்கு அதே பழைய நேரம்தான். விண்டோஸ் பழைய டிஸ்க்கிலேயே இருக்கிறது. ஸ்டோரேஜ் ஸ்பேசஸிலிருந்து அதை பூட் செய்ய, அதாவது தொடங்க வைக்க, முடியாது. தவிர, சின்னச் சின்ன ஃபைலைத் தேடி டிஸ்க்குக்குள் இருக்கும் முள் அங்குமிங்கும் நகரும் நேரம், டிஸ்க்கை எத்தனை சேர்த்தாலும் குறைவதில்லை. அதற்கு முள்ளே இல்லாத, சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டிதான். இதை நான் முதலிலேயே யோசித்திருக்கலாம்.

கூலி 700 ரூபாய் வாங்கினான். "அடுத்த தடவை வரும்போது ஒரு சின்ன எஸ்எஸ்டி வாங்கிட்டு வாங்கண்ணே, சும்மாவே மாட்டித் தர்றேன்."