செர்ரி கவுண்டியில் மழை பொய்த்தால்: நிவாரணமா, காப்பீடா?

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் இருக்கும் செர்ரி கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது), கனெக்டிகட் மாநிலத்தைவிடப் பெரியது. மக்கள் ஆறாயிரம் பேர்கூட இல்லை. மாடுகள் லட்சத்துக்கும் மேல். மணல் குன்றுகளின் மேல் விரிந்த புல்வெளி அது. உழுதால் மணல் பறக்கும். அங்கே புல்தான் விளைச்சல்.

மழை பொய்த்தால் மாடு வளர்ப்பவருக்கு அரசுப் பணம் முக்கியமாக இரண்டு வழியில் வரும். ஒன்று எல்.எஃப்.பி. என்ற மேய்ச்சல் வறட்சி நிவாரணம். மற்றது பி.ஆர்.எஃப். என்ற மேய்ச்சல் நிலக் காப்பீடு. இதன் பிரீமியத்தில் பாதிக்கு மேல் அரசே கட்டுகிறது.

நிவாரணத்துக்கு முன்பணம் எதுவும் கட்ட வேண்டாம். வியாழன்தோறும் வெளியாகும் வறட்சி வரைபடத்தை வைத்துத்தான் முடிவு. மேய்ச்சல் பருவத்தில் கவுண்டியின் ஏதாவது ஒரு மூலையில் டி3 என்ற மிகக் கடும் வறட்சி நிலை வந்துவிட்டாலே தகுதியுள்ள எல்லாருக்கும் மூன்று மாதத் தொகை. அதற்கும் மேலான உச்ச நிலை டி4; அது நான்கு வாரம் நீடித்தால் ஐந்து மாதத் தொகை. கணக்கிட்ட மாதத் தீவனச் செலவில் 60 சதவீதம் கிடைக்கும். இத்தனை பெரிய கவுண்டியில் தென்கோடி காய்ந்தால் வடகோடியில் புல் நிற்பவருக்கும் பணம் உண்டு. வேலிக்கு அந்தப் பக்கம், அடுத்த கவுண்டியில் காய்ந்து கிடப்பவருக்கு ஒன்றும் இல்லாமல் போகலாம். இது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

காப்பீடு கவுண்டி எல்லையைப் பார்ப்பதில்லை. வடக்கு தெற்காகச் சுமார் 17 மைல் நீளமுள்ள கட்டங்களாக நிலத்தைப் பிரித்து, இரண்டிரண்டு மாத மழையைப் பழைய ஆண்டுகளின் சராசரி மழையோடு ஒப்பிடுகிறார்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த 70 முதல் 90 சதவீத அளவுக்குக் கீழே போனால் இழப்பீடு. புல்லை வந்து பார்ப்பவர் யாரும் இல்லை. அனல் காற்றும் வெட்டுக்கிளியும் தீயும் கணக்கில் சேராது. எந்த மாதங்களைக் காப்பீடு செய்வது என்பது உங்கள் முடிவு; எல்லாம் அதில்தான் இருக்கிறது. அந்த மணல்மேட்டுப் புல்லை வளர்ப்பது மே முதல் ஜூலை வரை பெய்யும் மழை. அதை விட்டுவிட்டு, பணம் அடிக்கடி வரும் என்று குளிர்கால மாதங்களை எடுப்பது சூதாட்டம்.

நிவாரணத்தை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்பதற்கு 2012 ஒன்றே போதும். அந்த இலையுதிர் காலத்தில் நெப்ராஸ்காவின் பெரும்பகுதி டி4 நிலையில் இருந்தது. எல்.எஃப்.பி.யோ 2011 செப்டம்பர் 30-லேயே காலாவதியாகியிருந்தது. 2014-ல் வந்த பண்ணைச் சட்டம் அதை நிரந்தரமாக்கி, 2011 அக்டோபர் முதல் முன்தேதியிட்டுக் கொடுத்தது. தீவனம் வாங்க வழியில்லாமல் தாய்மாடுகளை விற்றவருக்கு, இரண்டு ஆண்டு கழித்து வரும் பணத்தால் அதே மந்தை திரும்பிவிடுமா?

பெரிய பண்ணைக்குக் காப்பீடு இன்னும் சாதகம். நிவாரணத்துக்கு ஆளுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு உண்டு, காப்பீட்டுக்கு இல்லை. சிறிய பண்ணைக்கோ பிரீமியமே பாரம்.

இரண்டையும் சேர்த்தே வாங்கலாம், ஒன்று மற்றதைக் குறைக்காது. நூறு மாடு வைத்திருப்பவர் என்னிடம் கேட்டால், மேய்ச்சல் நிலக் கணக்கை ஆண்டுதோறும் தவறாமல் விவசாயத் துறையின் உள்ளூர் அலுவலகத்தில் பதியச் சொல்வேன். அது இல்லாமல் நிவாரணம் இல்லை. பிறகு டிசம்பர் 1-க்குள், முழு நிலத்துக்கும் கட்ட முடியாவிட்டால் ஒரு பகுதிக்காவது, மே–ஜூன், ஜூலை–ஆகஸ்ட் மாதங்களுக்குக் காப்பீடு எடுக்கச் சொல்வேன்.