நாலு சோளகம் கண்ட டிஷ் மோட்டர்

டிஷ் பூட்டும் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும் என்பது வன்னியில் எழுதாத விதி. ஒருவர் கூரையில் நிற்பார், மற்றவர் ஹோலில் டிவிக்கு முன்னால் இருப்பார். இருவருக்கும் நடுவில், ஜன்னலடியில் வீட்டுக்காரரின் பிள்ளை நின்று "வருது, வருது... ஐயோ போட்டுது" என்று கத்தும். மீள்குடியேறிய வீடுகளுக்குக் கரண்ட் வரத் தொடங்கிய காலத்திலிருந்து நானும் அப்படித்தான் பரந்தனுக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் ஓடித் திரிந்தேன்.

2019 ஆடியில் என்னோடு வேலைக்கு வந்த தம்பி, தர்மபுரத்தில் ஒரு தகரக் கூரையில் இருந்து சறுக்கி விழுந்தார். கை முறிந்தது, உயிர் தப்பியது. காற்றுக்கு ஆடிய டிஷ்ஷை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் நட்டு இறுக்கிக்கொண்டிருந்தவர். அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனை: டிஷ்ஷைப் பிடித்து வைத்திருக்க ஏதாவது ஒரு சாமான் வேண்டும்.

2022 தைப்பொங்கலுக்கு ஜேர்மனியிலிருந்து வந்த அத்தான் அந்தச் சாமானைக் கொண்டுவந்து தந்தார். இரண்டு 12 வோல்ட் மோட்டர். ஒன்று டிஷ்ஷை இடம் வலமாகத் திருப்பும். மற்றது ஒரு நீளத் திருகாணியைச் சுழற்றி டிஷ்ஷின் முதுகைத் தள்ளி மேல் கீழாக அசைக்கும். அடியில் பைப்பைக் கவ்வும் கிளாம்ப், பத்து மீற்றர் வயரில் ஒரு பொத்தான் பெட்டி. டிஷ்ஷோடு நிரந்தரமாக விட்டுவிட்டு வருகிற மோட்டர் அல்ல இது. டிஷ்ஷைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோய், நட்டுகளை இறுக்கியதும் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம். பற்றரியோடும் சிக்னல் மீட்டரோடும் சேர்த்தால் பத்துக் கிலோவுக்குக் கிட்ட வரும். மோட்டார் சைக்கிளின் பின் சீற்றில் கட்டலாம்.

நாலு வருஷம் பாவித்துவிட்டு எழுதுகிறேன். வாங்கின கிழமை எழுதியிருந்தால் முக்கால்வாசியும் பிழையாக எழுதியிருப்பேன்.

முதலில் எங்கள் வானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது விளங்காமல் இந்த மோட்டரை மதிக்கவும் முடியாது, குறை சொல்லவும் முடியாது. டிவி செய்மதிகள் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கின்றன. லண்டனில் ஒருவர் கிழக்கு நெடுங்கோடு 28.2 பாகைக்கு மேலே நிற்கும் செய்மதிக்கு டிஷ் வைத்தால் அது அடிவானத்திலிருந்து 25 பாகை அளவுதான் நிமிர்ந்து பார்க்கும். பக்கத்து வீட்டு முகட்டைப் பார்க்கிற மாதிரி. கிளிநொச்சியோ பூமத்திய ரேகைக்கு 9 பாகை வடக்கில்தான் இருக்கிறது. இங்கிருந்து 93.5 பாகை கிழக்கில் நிற்கும் ஜிசாட்-15 ஐப் பார்க்க 71 பாகை நிமிர வேண்டும். 88 பாகைச் செய்மதிக்கு 76 பாகை, 83 பாகைச் செய்மதிக்கு 78 பாகைக்கும் மேல். கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேரே. டயலொக் டிவி வருகிற 45 பாகைச் செய்மதி மட்டும் மேற்கே 48 பாகையில் கொஞ்சம் பதிந்து நிற்கும்.

இதனால் என்ன வருகிறது? மரத்துக்கு அடியில் நின்று தலைக்கு நேரே தொங்கும் மாங்காயை அண்ணாந்து பாருங்கள். அப்படியே நின்று உடம்பை எந்தப் பக்கம் திருப்பினாலும் மாங்காய் கண்ணுக்குள்தான் நிற்கும். தலையைக் கொஞ்சம் தாழ்த்தினால் மறைந்துவிடும். எங்கள் டிஷ்ஷும் அதே கதைதான். 71 பாகையில் நிற்கும் டிஷ் இடம் வலமாக 3 பாகை பிசகினால் வானத்தில் உண்மையான பிசகு 1 பாகைதான். மேல் கீழாக 1 பாகை பிசகினால் முழு 1 பாகையும் நட்டம். 60 சென்ரிமீற்றர் டிஷ்ஷின் பார்வை மொத்தமே 3 பாகை அகலம். ஆகவே வன்னியில் வேலையைத் தீர்மானிப்பது மேல் கீழ் மோட்டர். வாங்கப் போகிறவர் கடையிலேயே அந்தத் திருகாணியைப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் வேண்டாம். எனக்கு வந்ததில் இடம் வலப் பக்கம் மிக நேர்த்தி, மேல் கீழ்ப் பக்கம் சுமார். செய்தவர்கள் தங்கள் ஊர் வானத்தை நினைத்துச் செய்திருக்கிறார்கள்.

இதே காரணத்தால் தானாகத் தேடும் பொத்தானையும் மூன்று மாதத்தில் கைவிட்டேன். அதற்குள் ஒரு திசைகாட்டி இருக்கிறது. தகரக் கூரைக்கும் இரும்புப் பைப்புக்கும் பக்கத்தில் அது வடக்கை எங்கேயோ காட்டுகிறது. அது போக, 83 இலிருந்து 88 க்கு வானத்தில் ஐந்து பாகைதான், ஆனால் தரையில் திசை 24 பாகை மாறுகிறது. மோட்டர் கிழக்குப் பக்கம் துழாவிக்கொண்டு போய், முதலில் தட்டுப்படும் பலமான சிக்னலில் நின்று "கிடைத்துவிட்டது" என்று சத்தம் போடும். போய்ப் பார்த்தால் பக்கத்துச் செய்மதி. ஒரு சனலின் அலைவரிசையை மீட்டரில் அடித்து, அது பூட்டுப்படுகிறதா என்று பார்க்காமல் எந்தச் சத்தத்தையும் நம்பக் கூடாது. இப்போது போனில் உள்ள ஆப்பை வைத்துக் கையாலேயே இரண்டு மூன்று பாகைக்குள் கொண்டுவந்துவிட்டு, அதற்குப் பிறகுதான் மோட்டரைத் தொடுகிறேன்.

இன்னொரு குழப்பம் என்னை இரண்டு நாள் சாப்பிட்டது. ஆப் 71 என்கிறது, மோட்டரின் எல்லையோ 60. இது உதவாது என்று திருப்பி அனுப்பவே யோசித்தேன். பிறகுதான் பொறி தட்டியது. எங்கள் சின்ன டிஷ்களில் எல்என்பி, அதாவது டிஷ்ஷுக்கு முன்னால் நின்று சிக்னலை வாங்கும் தலை, நடுவில் இல்லை, கீழே இருந்து மேல்நோக்கிப் பார்க்கிறது. அந்த வித்தியாசம் 24 பாகை அளவு டிஷ்ஷின் வளைவிலேயே இருக்கிறது. செய்மதி 71 இல் நின்றாலும் டிஷ்ஷின் முகம் 47 இல்தான் சாய்ந்திருக்கும். மோட்டருக்கு அது தாராளம். 83 பாகைச் செய்மதிக்கும் முகம் 55 ஐத் தாண்டாது.

சரி, அப்படியானால் இந்த மோட்டர் எதற்கு? கடைசி அரைப் பாகைக்கு. அதற்காகவே காசு கொடுக்கலாம் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்வேன்.

முள்ளியவளையில் தனியாக இருக்கும் ஒரு அம்மா. பிள்ளைகள் வெளிநாட்டில். அவருக்கு டிவிதான் பேச்சுத் துணை. "தம்பி, மழை இருட்டினாலே இவன் போயிடுறான்" என்று டிவியை ஆளாக வைத்துத்தான் கதைப்பார். நான் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். இரண்டு முறையும் நல்ல வெயில், படம் கண்ணாடி மாதிரி. கேபிளை மாற்றினேன், கனெக்டரை மாற்றினேன். அடுத்த மழைக்குத் திரும்பவும் போன் வந்தது. 2022 வைகாசியில், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகிற வழியில், மோட்டரோடு இறங்கினேன். மீட்டர் சிக்னலின் தரத்தை 58 என்று காட்டியது. மேல்நோக்கிப் பொத்தானை ஒவ்வொரு தட்டாகத் தட்டினேன்: 61, 66, 70, 74. இன்னும் ஒரு தட்டு, 73. ஒன்று பின்னால், 74. மொத்த அசைவு ஒரு பாகைகூட இல்லை. டிஜிட்டல் டிவியில் 58 க்கும் 74 க்கும் வெயிலில் படம் ஒன்றுதான். மழைத்துளி சிக்னலைத் தின்னத் தொடங்கும்போதுதான் கையிருப்பு எவ்வளவு என்று தெரியும். அந்த மாரியில் அம்மா போன் எடுத்தது சுகம் கேட்க மட்டும்தான்.

கையால் 74 ஐப் பிடிக்க முடியாதா என்று கேட்கலாம். பிடிக்கலாம், வைத்திருக்க முடியாது. பதின்மூன்றாம் நம்பர் சாவியைப் போட்டு நட்டை இறுக்கும்போது பிளேட் சாவியோடு சேர்ந்து ஒரு மயிரிழை திரும்பும். 74 கண்ணுக்கு முன்னாலேயே 71 ஆகி 66 ஆகும். மோட்டர் டிஷ்ஷின் முதுகைத் தாங்கிக்கொண்டு நிற்பதால் இடது நட்டுக்கு ஒரு கால் சுற்று, வலதுக்கு ஒரு கால் சுற்று என்று மாறி மாறி இறுக்கலாம். எண் இறங்கினால் இறுக்குவதை நிறுத்திவிட்டு ஒரு தட்டுத் தட்டி ஏற்றலாம். கடைசி நட்டு இறுகின பிறகும் 74 நிற்கும். முன்பு நாலு தரம் ஏறி இறங்கிய கூரையில் இப்போது பூட்ட ஒரு முறை, இறுக்க ஒரு முறை, அவ்வளவுதான். தேடுகிற நேரம் முழுக்க நிலத்தில் நிற்கிறேன்.

மோட்டர் செய்யாத ஒரு வேலையை மறக்கக் கூடாது. எல்என்பியை அதன் பிடிக்குள் திருப்புவது. 93.5 க்கு எங்கள் பக்கத்தில் கணக்குப்படி 54 பாகை அளவு திருப்ப வேண்டும், 45 க்கு 70 ஐயும் தாண்டும். கையேட்டுப் படத்திலோ எல்என்பி கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்கிறது. அந்தப் படத்தைப் பார்த்து நிமிர்த்தி வைத்துவிட்டு, பாதிச் சனல் வரவில்லை என்று மோட்டரைத் திட்டக் கூடாது.

2022 பொருளாதார நெருக்கடி பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. வீட்டில் டிவி போட்டுப் பார்த்து வேலை செய்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். மீட்டரே எல்என்பிக்குக் கரண்ட் கொடுப்பதால் நான் இருட்டு வீட்டிலும் வேலை முடித்தேன். பெற்றோலைப் பங்கிடக் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல். ஒரு வீட்டுக்கு இரண்டாம் முறை போக வேண்டி வந்தால் அடுத்த வீட்டு வேலை தள்ளிப்போகும். முதல் முறையிலேயே சரியாக முடித்துவிட்டு வருவதன் பெறுமதி அப்போதுதான் முழுசாக விளங்கியது.

மோட்டரோடு வந்த 7 அம்பியர்-மணி பற்றரி எங்கள் வெயிலில் ஒன்றரை வருஷத்துக்கு மேல் தாங்கவில்லை. டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போய், முழுசாக இறங்காத காலம், புதுப் பற்றரி வாங்க மனம் வரவில்லை. மோட்டார் சைக்கிள் பற்றரியில் வயர் எடுத்து ஓட்டினேன். பார்த்துக்கொண்டிருந்த அப்பா, யுத்தத்தில் பற்றரிக்குத் தடை இருந்த தொண்ணூறுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட கதையை எடுத்தார். அன்று பின்னேரம் வேலை ஓடவில்லை, கதைதான் ஓடியது.

தேய்மானத்தைப் பொறுத்தவரை பலவீனம் பிளாஸ்ரிக் பல்லுச் சில்லு. பதினாலாம் மாதம் இரண்டு பல் போனது. கிளிநொச்சியில் லேத் பட்டறைக்காரர் ஒருவர் அளவெடுத்துப் பித்தளையில் வெட்டித் தந்தார். அது இன்றும் ஓடுகிறது, சத்தம் மட்டும் கூட. கிரவல் றோட்டுத் தூசி திருகாணியில் உள்ள கிறீசோடு சேர்ந்து அரம் மாதிரி அராவும். பழைய ரியூப்பில் ஒரு சாண் வெட்டித் திருகாணிக்கு உறையாகப் போட்ட பிறகு அந்தத் தொல்லை இல்லை. முல்லைத்தீவுக் கரைப் பக்கம் வேலை செய்த நாளில் வீட்டுக்கு வந்ததும் உப்பு போக ஈரத் துணியால் துடைத்து, எண்ணெய் பூசி வைக்க வேண்டும். மீட்டரின் திரை மத்தியான வெயிலில் தெரியாது. காதை நம்பி, சத்தத்தை வைத்தே வேலை செய்யப் பழகிவிட்டேன்.

சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, பலமாக வீசும் ஆனி, ஆடியில் 75 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட டிஷ்ஷில் இதைப் பூட்டாதீர்கள். டிஷ் பாய்மரமாகி மோட்டரை முறுக்குகிறது. அந்த மாதங்களில் விடிய ஆறு மணிக்கே போய்விடுவேன். ஆறடிப் பெரிய டிஷ்களுக்கும் இது உதவாது. பாரமும் தாங்காது, எல்என்பி நடுவில் இருப்பதால் முழு 70 பாகையும் நிமிர்த்த வேண்டி வரும், மோட்டரின் எல்லையோ 60. அவற்றுக்கு எங்கள் பழைய வழிதான். பங்குனி நடுப்பகுதியில் சில நாட்கள், 66 பாகைச் செய்மதிக்கு நேர் பின்னால் மதியம் ஒன்றரை மணி போல் சூரியன் வந்து நிற்கும். அப்போது எல்என்பியின் நிழல் டிஷ்ஷின் நடு மையத்தில் விழுந்தால் டிஷ் சரி. விழாவிட்டால் எந்தப் பக்கம், எவ்வளவு என்று நிழலே காட்டித் தரும்.

குரங்கு ஏறி ஆட்டின டிஷ்கள்தான் இப்போது எனக்குப் பாதி வேலை. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் கேட்கவே வேண்டாம். அங்கே மோட்டரைப் பூட்டுவதற்கு முன் மேசன்மாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பைப் நிமிர்ந்து நிற்கிறதா என்று பார்க்கிறேன். பைப் சாய்ந்திருந்தால் இடம் வலம் திருப்பும்போதெல்லாம் மேல் கீழும் சேர்ந்து பிசகும், மோட்டர் எவ்வளவு நல்லதானாலும்.

மாதத்தில் ஐந்தாறு டிஷ் மட்டும் பூட்டுகிறவருக்கு நல்ல மீட்டர் ஒன்றே போதும், மோட்டர் வேண்டாம். கிழமைக்கு ஐந்தாறு என்றால் வாங்கலாம். ஆனால் மேல் கீழ்த் திருகாணியில் ஆட்டம் இருக்கக் கூடாது, எல்லை 60 பாகைக்குக் குறையக் கூடாது, பல்லுச் சில்லைக் கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும்.

விழுந்த தம்பியின் கை பொருந்திவிட்டது, பாரம் தூக்கினால் மட்டும் நோகும். போன வருஷத்திலிருந்து திரும்பவும் என்னோடு வருகிறார். ஏணியில் நான் ஏறுகிறேன். அவர் முற்றத்தில், வேப்பமர நிழலில் நின்றுகொண்டு பொத்தானைத் தட்டுகிறார்.