சிமுலேட்டர் சென்டர்: டேக்-ஆஃப் எல்லாம் அப்புறம், முதல்ல தரையில ஓட்டிப் பாருங்க

சென்னை ஓ.எம்.ஆர்.ல துரைப்பாக்கம் தாண்டி, ஒரு ஜிம்முக்கு மேல் மாடியில இருக்கு இந்த ஃப்ளைட் சிமுலேட்டர் சென்டர். குறையும் சொல்லப் போறதால பேர் போடல. ஏர்பஸ் ஏ320 விமானத்தோட காக்பிட் ஒண்ணு, முன்னாடி வளைஞ்ச பெரிய திரை. ஒரு மணி நேரத்துக்கு நாலாயிரத்து ஐநூறு ரூபா. வர்றவங்கள்ல முக்காவாசிப் பேர் ஒரு டேக்-ஆஃப், துபாய் மேல ஒரு சுத்து, ஒரு லேண்டிங், நாலு போட்டோன்னு கிளம்பிடறாங்க.

நான் மீனம்பாக்கத்துல புஷ்பேக் டிராக்டர் ஓட்டி ரிட்டையர் ஆனவன். விமானத்தைப் பின்னால தள்ளி, டிராக்டரையும் விமானத்தையும் இணைக்கற டோபார் கம்பியைக் கழட்டி, கட்டைவிரலைக் காட்டினா எங்க வேலை முடிஞ்சுது. அதுக்கப்புறம் பைலட் பாடு. அந்தப் பாடு என்னன்னு உள்ள உக்காந்து பாக்கணும்னு ரொம்ப நாளா எண்ணம். பேரனுக்கு வேற பைலட் ஆசை. ரெண்டு பேருமா போனோம்.

"டேக்-ஆஃபே வேணாம்மா. தெரியாத ஏர்போர்ட், ராத்திரி நேரம். விமானம் நிக்கற பே-ல இருந்து ரன்வே முனை வரைக்கும் இவன் ஒழுங்காப் போய்ச் சேரட்டும், அது போதும்"னு சொன்னேன். சொல்லிக் குடுக்கற பொண்ணுக்கு முப்பது வயசுகூட இருக்காது. "இதை யாருமே கேட்டதில்ல ஐயா"ன்னு சிரிச்சுட்டு ஜோகன்னஸ்பர்க்கைப் போட்டாங்க. விஷயம் தெரிஞ்சுதான் போட்டிருக்காங்க. 2013 டிசம்பர் 22 ராத்திரி, அங்க ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 விமானத்துக்கு பிராவோங்கற டாக்ஸிவேல (பே-க்கும் ரன்வேக்கும் நடுவுல விமானம் ஓடற பாதை) போகச் சொல்லி உத்தரவு. பிராவோ ஒரு இடத்துல வலது பக்கம் திரும்பும், நேரா போனா மைக்-னு இன்னொண்ணு. அது ஒடுக்கமான டாக்ஸிவே. 747 நேரா போயிடுச்சு. 64 மீட்டர் அகல ரெக்கை, வலது பக்கத்துல இருந்த ஒரு ஆபீஸ் கட்டடத்தைக் கிழிச்சுது. பயணிகளுக்கு ஒண்ணும் ஆகல. லேசா அடிபட்டது கட்டடத்துக்குள்ள இருந்த நாலு பேருக்கு, எங்களை மாதிரி தரை வேலைக்காரங்களுக்கு. இந்தக் கதையைக் கேட்டா எனக்கு ரெக்கை ஞாபகம் வராது, அந்த நாலு பேர்தான் ஞாபகம் வருவாங்க.

கிளம்பறதுக்கு முன்னாடி போர்டு பாடம். கறுப்புல மஞ்சள் எழுத்து இருந்தா நீ இப்ப நிக்கற டாக்ஸிவே. மஞ்சள்ல கறுப்பு எழுத்து, கூடவே அம்புக்குறின்னா அடுத்து எது எந்தப் பக்கம்னு அர்த்தம். சிவப்புல வெள்ளை எழுத்து ரன்வே வாசல், கன்ட்ரோல் டவர் சொல்லாம அதைத் தாண்டவே கூடாது. ஓரத்துல நீல லைட், நடுவுல பச்சை லைட். எனக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு, ஆனா அவங்க சொன்ன வரிசை நல்லா இருந்துது. பேரன் உடனே பிடிச்சுக்கிட்டான்.

அப்புறம் ஓட்டம். ஏ320-ல ஸ்டீரிங் வேலையைப் பாக்கறது கைப்பக்கம் இருக்கற ஒரு சின்ன ஹேண்ட்வீல். அதைத் திருப்பினா முன் சக்கரம் 75 டிகிரி வரைக்கும் வளையும், கால் பெடல்ல வெறும் 6 டிகிரிதான். அந்த முன் சக்கரமும் பைலட் சீட்டுக்குப் பின்னால இருக்கறதால, திருப்பம் வந்தாலும் கொஞ்சம் தாண்டிப் போயிட்டுத்தான் ஒடிக்கணும். முதல் திருப்பத்துல பையன் சீக்கிரமே ஒடிச்சு உள் பக்கச் சக்கரத்தைப் புல்லுல இறக்கினான். ரெண்டாவது சுமார். மூணாவதுல கை வந்துடுச்சு.

பிராவோ-மைக் பிரியற இடம் நெருங்கும்போது அந்தப் பொண்ணு ஒரு வேலை பண்ணாங்க பாருங்க. டவர் மாதிரி மைக்ரோஃபோன்ல பேசி, ரேடியோ நம்பரை மாத்தச் சொன்னாங்க. பையன் குனிஞ்சு குமிழைத் திருகினான். நாலு செகண்ட் இருக்கும். நிமிரும்போது வலது பக்க அம்புக்குறி போர்டு ஜன்னலுக்குப் பின்னால போயிடுச்சு, விமானம் மைக் டாக்ஸிவேல ஓடிக்கிட்டு இருக்கு. இவனுக்கு அதுவும் தெரியல. அடுத்து வந்த கறுப்பு போர்டைப் பாத்துட்டுத்தான், "தாத்தா, நாம எங்க இருக்கோம்?"னான். பிரேக் போட்டு நிக்கச் சொன்னாங்க. "தெரியலன்னா நின்னுடு தம்பி. டவர்கிட்ட படிப்படியா வழி கேளு, ஒவ்வொரு திருப்பமாச் சொல்லுவாங்க. யாரும் திட்ட மாட்டாங்க"ன்னு சொன்னாங்க. குடுத்த காசு அந்த இடத்துலயே எனக்குச் செரிச்சுடுச்சு.

இனிமே குறை. திரையில தரை மேல அம்பு வரிசை ஒண்ணு நம்ம ரூட்டைக் காட்டிக்கிட்டே ஓடும். கேட்டாத்தான் அணைப்பாங்க. சிங்கப்பூர் சாங்கி, ஹீத்ரோ மாதிரி இடங்கள்ல நமக்கு உண்டான வழிக்கு மட்டும் பச்சை லைட் எரியற ஏற்பாடு இருக்கு, நெஜம்தான். எல்லா ஊர்லயும் அது இல்லையே. அம்பைப் பாத்து ஓட்டினா போர்டு படிக்கற பழக்கமே வராது. அடுத்தது, வலது சீட்டு ஹேண்ட்வீல் வேலை செய்யல. சின்ன எழுத்து போர்டெல்லாம் பக்கத்துல வந்தாத்தான் தெளியுது. விமானங்கள் நிக்கற ஏப்ரன்ல ஒரு பஸ் மேலயே ஏறிப் போனோம், ஒரு சத்தம் இல்ல, சிவப்பு லைட் இல்ல. நான் அதைச் சொன்னதும் அங்க இருந்த முதலாளித் தம்பி, "கேம்ல அப்படித்தான் சார்"னாரு. கிளாஸ்னு விளம்பரம் பண்ணிட்டு கேம்னு சொன்னா எப்படி?

கடைசி இருபது நிமிஷம் பனி போடச் சொன்னேன். போகி அன்னிக்கு விடியக்காலை மீனம்பாக்கம் எப்படி இருக்குமோ அச்சு அசல் அப்படி. அந்த மாதிரி ஒரு மூடுபனியிலதான் 2001 அக்டோபர் 8-ம் தேதி இத்தாலியில மிலான் லீனாட்டே ஏர்போர்ட்ல ஒரு சின்ன செஸ்னா விமானம், ஆர்5 டாக்ஸிவேல போக வேண்டியது ஆர்6-ல திரும்பி, வேகமெடுத்து வந்த விமானத்துக்குக் குறுக்க ரன்வேல ஏறிடுச்சு. 118 பேர் செத்தாங்க. அதுல நாலு பேர் பயணிகளோட லக்கேஜ் கட்டடத்துல வேலை பாத்தவங்க. அங்க தரை ரேடார் வேலை செய்யல, தரையில போட்ட எழுத்தும் ஒழுங்கா இல்லை. பைலட்டை மட்டும் குத்தம் சொல்லிட்டுப் போக முடியாது.

நம்ம ஊரையும் ஓட்டிப் பாத்தான். 07/25 ரன்வேயும் 12/30 ரன்வேயும் ஒண்ணை ஒண்ணு வெட்டற இடம் சரியா வருது, அடையாறு மேல இருக்கற பாலத்தைக்கூட விடாம போட்டிருக்காங்க. ரன்வேல நேரா நின்னதும் பெயின்ட் நம்பரையும் காம்பஸையும் ஒத்துப் பாக்கச் சொல்லிக் குடுத்தாங்க: 07-ன்னா முள் 70 பக்கம் நிக்கணும். 2006-ல அமெரிக்கா லெக்சிங்டன்ல 22-க்குப் போக வேண்டிய காமெர் விமானம் 26-ல ஓடிச்சு. நீளம் பத்தாத ரன்வே, 49 பேர் போயிட்டாங்க. காம்பஸ்ல வித்தியாசம் 40 டிகிரி.

போறவங்களுக்கு: சனி, ஞாயிறு வேணாம், பிறந்தநாள் கூட்டம். வாரநாள் காலையில போங்க, அப்பதான் அந்தப் பொண்ணு இருப்பாங்க; சாயங்காலம் இருக்கற பையனுக்கு லேண்டிங் மட்டும்தான் தெரியும். புக் பண்ணும்போதே "தரையில மட்டும், அம்பு வேணாம்"னு சொல்லிடுங்க. இடது சீட்டைக் கேட்டு வாங்குங்க. ஏ.சி. ரொம்ப ஜில்லுனு இருக்கும். கீழ டூவீலர் நிறுத்த இடம் இருக்கு, கார்னா சர்வீஸ் ரோட்லதான். அஞ்சுக்கு மூணரை ஸ்டார். ஹேண்ட்வீலைச் சரி பண்ணினா நாலு.