சேசிஸ் நம்பர் கையில் இருந்தால்தான் சரியான ஸ்பேர்: ரியல் ஓஇஎம், பார்ட்சூக் ஒரு பார்வை

வெளிநாட்டு பிராண்டு கார்களுக்கு மதுரையில் நல்ல கைவேலைக்காரர்கள் இருக்கிறார்கள். பைபாஸ் ரோட்டு ஒர்க்‌ஷாப்பிலேயே சஸ்பென்ஷன் முழுவதையும் சுத்தமாக இறக்கி ஏற்றித் தருவார்கள். இழுத்தடிப்பதெல்லாம் ஸ்பேர்தான். அதை ஆன்லைனில் தேடுபவர்கள் முதலில் திறக்க வேண்டியவை இந்த இரண்டு தளங்கள்.

ரியல் ஓஇஎம் கடை அல்ல, கேட்டலாக். பிஎம்டபிள்யூ, மினி வண்டிகளுக்கு இதைவிடத் தெளிவான இலவச வசதி இல்லை. சேசிஸ் நம்பரின் (ஒவ்வொரு வண்டிக்கும் உள்ள தனி அடையாள எண்) கடைசி 7 இலக்கங்களைப் போட்டால் வண்டி தயாரான மாதத்தையும், படத்தோடு 11 இலக்க பார்ட் நம்பரையும் காட்டும். மாடல் பெயரைச் சொல்லி வாங்குவது ஏன் ஆபத்து என்பதற்கு பிஎம்டபிள்யூ 3 சீரிஸின் எஃப்30 தலைமுறை 320டி ஒன்றே போதும். 2015 ஃபேஸ்லிஃப்டில் (அதே மாடலுக்கு இடையில் செய்த மாற்றம்) என்47 இன்ஜின் போய் பி47 வந்தது. ஆயில் ஃபில்டரும் மாறியது. வெளியே பேட்ஜ் அதே 320டி!

கேட்டலாக்கில் எத்தனை தேவை என்று காட்டும் எண்ணிக்கைக் கட்டத்தையும் கவனியுங்கள். பிரேக் பேடு ஒரு செட்டில் 4 இருக்கும், அது இரண்டு வீலுக்கும் சேர்த்து. பேடு தேய்ந்ததைச் சொல்லும் வேர் சென்சாருக்குத் தனி பார்ட் நம்பர். இன்ஜினில் அலுமினிய போல்ட்டுகளைக் கழற்றினால் திரும்பப் போடக்கூடாது. கேஸ்கெட்டோடு அவற்றையும் சேர்த்தே ஆர்டர் போடுங்கள். ஒரு போல்ட்டுக்காக வண்டி லிஃப்டிலேயே நிற்கும் கொடுமை வேண்டாம்.

பார்ட்சூக் அமீரகத்திலிருந்து விற்கும் தளம். டொயோட்டா, லெக்ஸஸ், ஆடி, பென்ஸ் எனப் பல பிராண்டுகளை 17 இலக்க சேசிஸ் நம்பரை வைத்தே தேடலாம். அந்த நம்பரில் ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் வரவே வராது. ஓ மாதிரி தெரிந்தால் அது பூஜ்யம். பழைய பார்ட் நம்பருக்குப் பதிலாக வந்த புது பார்ட் நம்பரும் கிடைக்கும். ஆடி, ஃபோக்ஸ்வாகனில் பார்ட் நம்பரின் கடைசி எழுத்து மட்டும் மாறியிருந்தால் பெரும்பாலும் அது திருத்திய பதிப்பு. அந்த வண்டிகளுக்கு பிரேக் வாங்கும்போது டிக்கியில் ஸ்டெப்னி குழியில் ஒட்டியிருக்கும் பிஆர் கோடையும் (வண்டியில் எந்த வகை பாகம் உள்ளது என்று சொல்லும் குறியீடு) பாருங்கள். ஒரே மாடலிலேயே டிஸ்க் அளவு வேறுபடும்.

இங்கே பலரும் சறுக்குவது ஹெட்லைட்டில். வளைகுடா நாடுகளில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன. அங்கே விற்கும் லைட்டின் டிம் வெளிச்சம் வலப்பக்கம்தான் ஏறும். அதை இங்கே மாட்டினால், திருமங்கலம் ரோட்டில் எதிரே வருபவர் கண்ணில் நேராக அடிக்கும். ஸ்டீயரிங் ரேக், வைப்பர் லிங்கேஜ் எல்லாவற்றுக்கும் ‘வலப்பக்க ஸ்டீயரிங்’ என்பதைச் சரிபார்த்தே ஆகவேண்டும். ‘டிரைவர் சைடு’ என்று மெக்கானிக் சொல்வது இங்கே வலது, அமெரிக்கத் தளத்தில் இடது. கேட்டலாக்கின் இடது வலது, சீட்டில் முன்னே பார்த்து உட்கார்ந்தவரின் இடது வலது.

விலையை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஷிப்பிங், சுங்க வரி, அதன் மேல் 18% ஐஜிஎஸ்டி, கூரியர் கட்டணம் எல்லாம் சேரும். தவறான பார்ட் வந்தால் திருப்பி அனுப்பும் செலவு பார்ட்டையே தின்றுவிடும். ஃபில்டர், பேடு போன்றவற்றுக்கு நம்பரை மட்டும் எடுத்துக்கொண்டு ஷோரூம் பார்ட்ஸ் கவுண்டரில் விலை கேட்பதே லாபம். பார்ட்சூக்கை இங்கே ஸ்டாக் இல்லாத சென்சார், புஷ், டிரிம் துண்டுகளுக்கு வைத்துக்கொள்ளலாம். ஏர்பேக் மட்டும் கூரியரில் தேடவே வேண்டாம். வெடிபொருள் உள்ளே இருப்பதால் அபாயச் சரக்குக் கணக்கில் வரும்.