அர்மேனியன் தெருவில் ஒரு காலை: மரபு நடை குறித்து

சென்னை ஜார்ஜ் டவுனில் சிறு குழு ஒன்று நடத்தும் மரபு நடைக்குக் கடந்த சனிக்கிழமை சென்றிருந்தேன். 1772இல் கட்டப்பட்ட அர்மேனியத் தேவாலயத்தில் மட்டும் முக்கால் மணி நேரம் செலவிட்டார்கள்; கொடுத்த கட்டணம் அதற்கே தகும். உலகின் முதல் அர்மேனிய இதழான ‘அஸ்தரார்’ 1794இல் இந்நகரில்தான் அச்சேறியது என்பதையும், அதை வெளியிட்ட பாதிரியார் ஷ்மாவோனியனின் கல்லறை இவ்வளாகத்திலேயே இருக்கிறது என்பதையும் வழிகாட்டி விளக்கிக்கொண்டிருக்க, நான் குனிந்து, தரையில் பதிந்த கல்லொன்றின் தேய்ந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தேன். தனித்து நிற்கும் மணிக்கூண்டில் ஆறு மணிகள் இன்னும் தொங்குகின்றன. வழிபட வரும் அர்மேனியர்தான் அரிதாகிவிட்டனர்.

ஹைதர் அலியின் படையெடுப்புக்கு அஞ்சிக் கட்டிய நகர மதிலின் எச்சமான மாடிப் பூங்காவை அவசரமாகக் கடந்தோம். உயர்நீதிமன்ற வளாகத்திலுள்ள 1844ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கத் தூணைக் காட்டுவதாக அறிவித்திருந்தும், முன் அனுமதி பெறாததால் சாலையோரத்தில் நின்று கதையாக மட்டுமே கேட்க நேர்ந்தது பெருங்குறை. மீன்பாடி வண்டிகளின் இரைச்சலில் வழிகாட்டியின் குரல் பாதி கேட்கவில்லை. செல்வோர் முன்வரிசையில் நடப்பது நல்லது.