ஜோத்பூரில் வன்னிக்காய்க் கறியும் கம்பு ரொட்டியும்

சாயத் துணி பார்க்க நானும் மச்சானும் ஆந்திராவின் நகரியிலிருந்து ராஜஸ்தானில் இருக்கிற பாலி ஊருக்குப் போயிருந்தோம். வேலை ஒரு நாள் முன்னாலேயே முடிந்துவிட்டது. சரி, 70 கிலோமீட்டர்தானே என்று ஜோத்பூருக்குப் பஸ் ஏறினோம்.

அந்த ஊர் மிர்ச்சி வடாவைப் பற்றி எல்லோரும் பெரிதாகப் பேசினார்கள். பெரிய பச்சை மிளகாயைக் கீறி, உருளைக்கிழங்கு மசாலா அடைத்து, கடலைமாவில் முக்கிப் பொரிக்கிறார்கள். புத்தூர் பக்கம் மிளகாய் பஜ்ஜி தின்று வளர்ந்தவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை.

மத்தியானம் மணிக்கூண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் இருந்த சின்ன போஜனாலயத்தில் உட்கார்ந்தோம். தாலிச் சாப்பாடு 220 ரூபாய். பாட்டி எனக்கு மோரில் கரைத்துக் கொடுத்த அதே கம்பு, அங்கே கனமான ரொட்டியாக, மேலே நெய் வழிய வந்தது. தொட்டுக்கொள்ளப் பூண்டுச் சட்னியும் ஒரு கட்டி வெல்லமும். அடுத்த கிண்ணத்தில் கேர் சாங்ரி. கேர் என்பது பார்வைக்குச் சுண்டைக்காய் வத்தல். சாங்ரி ஒல்லியாக, காய்ந்த கொத்தவரங்காய் மாதிரி கறுத்துக் கிடந்தது. ராத்திரி முழுக்க ஊறவைத்து, வேகவைத்து, எண்ணெயில் காய்ந்த மிளகாயோடு புரட்டுவார்களாம். புளிப்பும் எண்ணெயும் காரமும் சேர்ந்து ரொட்டியை இழுத்துக்கொண்டே போனது.

சாங்ரி எந்த மரத்துக் காய் என்று கேட்டோம். பரிமாறிய பெரியவர் போனில் கேஜ்ரி மரத்தின் படத்தைக் காட்டினார். மச்சான் எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, இது நம்ம ஜம்மி செட்டு! சாமி மரத்துக் காயையா கறி வெச்சிருக்காங்க?" என்றான். விஜயதசமிக்கு நாங்கள் சுற்றிக் கும்பிடும் வன்னி மரமேதான். அதை வெட்ட விடாமல் 1730இல் பக்கத்து கேஜர்லி கிராமத்தில் பிஷ்னோய் சமூகத்தார் 363 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்றும் அவரே சொன்னார். மழை பொய்த்தாலும் காய்க்கிற மரம், காயவைத்தால் வருஷம் முழுக்கக் கறி. கும்பிடவும் சாப்பிடவும் ஒரே மரம் என்பதில் அவருக்கு எந்தச் சங்கடமும் இல்லை.

மற்றதெல்லாம் சுமார்தான். பாட்டி (baati) என்கிற கோதுமை மாவு உருண்டை காலையில் சுட்டது போல. நெய்யில் முக்கியும் கல்லாகவே இருந்தது. கடலைமாவுத் துண்டுகள் போட்ட கட்டா கறியில் மாவு வாசனை போகவில்லை. மூன்று தடவை கேட்ட பிறகு ஒரு கிண்ணம் சோறு வந்தது, அதுவும் ஆறிப்போய். பில்லில் நாங்கள் கேட்காத அப்பளத்துக்கு 40 ரூபாய் போட்டிருந்தார்கள். கேட்டதற்குக் கல்லாவில் இருந்தவர் சிரித்தார், கழிக்கவில்லை. திரும்பப் போனால் அங்கேயே போவேன், ஆனால் ரொட்டியும் சாங்ரியும் மட்டும் சொல்வேன்.

வரும்போது சந்தையில் காய்ந்த கேர் சாங்ரி கால் கிலோ வாங்கி வந்தேன். வீட்டில் புளி ஊற்றி வத்தக்குழம்பு வைத்தார்கள். ஊறினது பத்தவில்லை போல, கேர் கசந்தது. மீதி டப்பாவில் இருக்கிறது. மச்சான் தினமும் அதைப் பற்றி விசாரிக்கிறான்.