மினிநெட்: ஒரே லேப்டாப்பில் ஐந்து சர்வர், நடுவில் ஒரு கத்தரிக்கோல்

பல சர்வர்கள் தங்களுக்குள் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்து, எல்லாரும் ஒரே தகவலை வைத்துக்கொள்ளும் ராஃப்ட் முறையில் சின்னதாக ஒரு டேட்டா ஸ்டோர் எழுதிக்கொண்டிருந்தேன். மொத்தம் ஐந்து நோடு, அதாவது ஐந்து சர்வர். நடுவில் நெட்வொர்க் அறுந்தால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். லோக்கல்ஹோஸ்டில், அதாவது அதே லேப்டாப்புக்குள்ளேயே, ஐந்து போர்ட் போட்டு ஓட்டினால் எல்லாம் ஜோராக ஓடும். அங்கே அறுபட ஒயர் எங்கே இருக்கிறது? விர்ச்சுவல்பாக்ஸில் ஐந்து கற்பனை மெஷின் ஏற்றினால் என் 8 ஜிபி லேப்டாப்புக்கு மூச்சு வாங்கியது. அப்புறம்தான் மினிநெட்டுக்கு வந்தேன்.

ஒரே கம்ப்யூட்டருக்குள் ஒரு முழு நெட்வொர்க்கையே உருவாக்கித் தரும், 2010இல் ஸ்டான்ஃபோர்டில் பிறந்த இலவச மென்பொருள் இது. இதில் ஒவ்வொரு ஹோஸ்டும் (நெட்வொர்க்கில் உள்ள ஒரு மெஷின்) லினக்ஸ் நேம்ஸ்பேஸ் ஒன்றுக்குள், அதாவது தனி நெட்வொர்க் கொண்ட ஒரு தடுப்பறைக்குள், ஓடும் வெறும் ப்ராசஸ்தான். ஆனால் அதற்கென்று தனி ஐபி முகவரி உண்டு. ஐந்தும் சில விநாடிகளில் எழுந்து நின்றன. நான் எழுதிய புரோகிராமே அப்படியே ஓடுகிறது, அதன் மாதிரி அல்ல.

முதல் ராத்திரி தலைவர் தேர்தல் முடியவே இல்லை. புரோகிராமை ஐந்து முறை படித்தேன். தப்பு என் கணக்கில். ஹோஸ்டுக்கு ஒரு ஸ்விட்ச் வைத்து, ஸ்விட்சுகளை வரிசையாகக் கோத்து, ஒவ்வொரு லிங்குக்கும் (இணைப்புக்கும்) 50 மில்லிசெகண்ட் தாமதம் கொடுத்திருந்தேன். முதல் ஹோஸ்டிலிருந்து ஐந்தாவதுக்கு ஆறு லிங்க், போய்வர 600. என் தேர்தல் டைம்அவுட்டோ, அதாவது தலைவரிடமிருந்து தகவல் வராவிட்டால் புதுத் தேர்தல் தொடங்கும் முன் காத்திருக்கும் நேரமோ, 150 முதல் 300 வரை! தாமதத்தை 5 ஆக்கியதும் அடங்கியது.

இன்னொரு கூத்து: நெட்வொர்க்தான் தனித்தனி, ஃபைல் சிஸ்டம் பொது. ஐந்து நோடும் ஒரே லாக் ஃபைலில் எழுதித் தள்ளியிருந்தன. ஆளுக்கொரு டைரக்டரி கொடுத்துவிடுங்கள்.

கொடுத்த காசுக்கு மேல், அதாவது பூஜ்யத்துக்கு மேல், பலன் கிடைத்த இடம் ஒன்று. நாலாவது நோடு தலைவராக இருந்தபோது, மூன்றாவது ஸ்விட்சுக்கும் நாலாவதுக்கும் நடுவே லிங்கை ஒரே வரியில் அறுத்தேன். இந்தப் பக்கம் மூன்று பேர் புதுத் தலைவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் பழைய தலைவர், பதவி போனது தெரியாமல், கேட்டவர்களுக்குப் பழைய மதிப்பையே வாரி வழங்கிக்கொண்டிருந்தார். மாசக்கணக்காக என் கோடில் ஒளிந்திருந்த பிழை அது.

குறை? எல்லா நோடும் ஒரே சிபியுவைப் பங்கு போடுகின்றன. எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போனால், டைம்அவுட் நெட்வொர்க்கால் வந்ததா, சிபியு திணறியதால் வந்ததா என்று பிரிக்க முடியாது. வேக அளவீட்டுக்கு இதை நம்ப மாட்டேன். பாதியில் கிராஷ் ஆனால் பழைய இன்டர்ஃபேஸ்கள் அப்படியே கிடக்கும். அடுத்த முறை ஓட்டும் முன் அதன் க்ளீன்அப் கட்டளையைத் தட்டிவிடுங்கள்.